மூன்றாம் நாள் வருகிறவள்

(கல்லூரியின் நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், வன்னியில் பணியாற்றும் பழைய மாணவியான வைத்தியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரியைப் பற்றி நாலு வார்த்தை, வைத்தியத்துறையைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். கல்லூரியைப் பற்றிப் பேச எம்மைவிட மூத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். எமது வகுப்பு படித்த காலம் 'பாஸ்' எடுத்து வவுனியாவில் இருந்த காலம். தாண்டிக்குளம் தாண்டி வந்த பிள்ளைகள் பாஸ் முடிகிற திகதியைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருப்பார்கள். பக்கத்து வாங்கில் இருந்தவள் அடுத்த தவணைக்கு இருப்பாளா என்று தெரியாது. அந்தக் காலத்திலும் எமது ஆசிரியைகள் ஒரு பாடவேளையைக்கூட விட்டதில்லை. நேரத்துக்கு வந்து பக்கத்தில் நிற்பதன் அருமையை அவர்களிடம்தான் படித்தோம். இன்று பேசப் போவதும் அப்படி நேரத்துக்கு வந்து நிற்கிற ஒருத்தியைப் பற்றித்தான்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடி உங்களுக்கு நினைவிருக்கும். 400 கிராம் பால்மாப் பைக்கற் ஆயிரம் ரூபாவைத் தாண்டியது. அந்த விலைக்கும் கடையில் கிடைக்கவில்லை. அப்போது ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் உங்களில் பலர் எம்மோடு பேசினீர்கள். "எங்கட பிள்ளைகளுக்குப் பால்மா இல்லையாமே, எத்தனை பேணி அனுப்பட்டும்?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எமக்குத் தெரியும். 2009இன் முதல் மாதங்களில் ஒரு பைக்கற் பால்மாவுக்காக எமது சனம் வரிசையில் நின்றது. அதைக் கேட்டவர்களுக்கு, வெறும் பால்மாப் பேணியைக் கண்டாலும் நெஞ்சு பதறும். ஆகவே உங்கள் கேள்வியை நாம் குறையாகச் சொல்லவில்லை. அதற்கு அன்று அவசரத்தில் சொல்லாமல் விட்ட பதிலை இன்று முழுதாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் எமது தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். போர் முடிந்த வருடத்தில் நாம் தொழிலுக்குப் புதியவர்கள். இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றில், பிறந்து பத்து நாள்கூட ஆகாத பிள்ளையோடு ஒரு தாய் வந்தாள். "பால் காணாது டொக்டர், பிள்ளை அழுதபடி" என்றாள். கூடாரத்துக்கு வெளியே நீண்ட வரிசை. நாம் ஒரு பால்மாப் பேணியையும் ஒரு போத்தலையும் கொடுத்து அனுப்பிவிட்டோம். அவளை உட்கார வைத்துப் பிள்ளை மார்பை எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்கவில்லை. ஒரு கிழமைக்குள் அதே பிள்ளை வயிற்றோட்டத்தோடு வந்தது. போத்தலைக் கொதிக்க வைக்க விறகில்லை, தண்ணீரும் வரிசையில் நின்று எடுத்த தண்ணீர். பிள்ளை பிழைத்துக்கொண்டது. தாயின் பால் அதற்குள் வற்றத் தொடங்கியிருந்தது. பேணி முடிந்தபின் அவள் என்ன செய்திருப்பாள் என்று அன்று நாம் யோசிக்கவில்லை.

இது எமக்கு மட்டும் நேர்ந்த தவறல்ல. 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்தின் பின் அன்பளிப்பாகப் பால்மா பெருமளவில் வந்து குவிந்தது. அப்படிப் பால்மா கிடைத்த சிறுவர்களிடையே வயிற்றோட்டம், கிடைக்காதவர்களிடையே இருந்ததைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அனர்த்த காலத்தில் குழந்தைப் பால்மாவை அன்பளிப்பாகக் கேட்கவும் வேண்டாம், ஏற்கவும் வேண்டாம் என்று சர்வதேச வழிகாட்டல்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

பேணி வேண்டாமென்றால் அந்தத் தாய்க்கு என்ன வேண்டும்? இதற்குப் பிள்ளை பிறந்த முதல் கிழமையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சிக்கல் இல்லாத பிரசவம் என்றால் தாயும் பிள்ளையும் ஓரிரு நாளில் வைத்தியசாலையிலிருந்து வீடு போய்விடுவார்கள். முதல் இரண்டு நாட்களும் வருவது மஞ்சள் நிறமான முதற்பால். கரண்டிக் கணக்கில்தான் வரும். பிள்ளையின் சின்ன வயிற்றுக்கு அது போதும். மூன்றாம் நாள், நாலாம் நாள்தான் பால் பெருகும். மார்பு கல்லுப் போல இறுகும். பிள்ளை சரியாகப் பிடிக்காவிட்டால் காம்பு வெடிக்கும், நோவில் தாய் அழுவாள், பசியில் பிள்ளை அழும். அம்மம்மா பால்சுறா வறையும் உள்ளியும் பத்தியச் சரக்கும் போட்டுச் சமைத்துத் தருவா. நல்ல சாப்பாடு தாய்க்குத் தெம்புதான். ஆனால் பிள்ளை வாயை அகலத் திறந்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கருமையான பகுதியையும் சேர்த்துப் பிடிக்காவிட்டால் எந்த வறையும் உதவாது. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். சீனித்தண்ணியும் போத்தலும் உள்ளே வந்தால் பிள்ளை உறிஞ்சுவது குறையும், ஊறுவதும் குறையும். "பால் காணாது" என்ற பயம் அப்போதுதான் உண்மையாகிறது.

ஆக, நெருக்கடி வருவது மூன்றாம் நாள். அந்நேரம் வைத்தியர் பக்கத்தில் இல்லை, தாதியும் இல்லை. தாய் இருப்பது மாந்தை கிழக்கிலோ, ஒட்டுசுட்டானிலோ, பூநகரியிலோ, நெடுங்கேணியிலோ ஒரு வீட்டில். அந்த வீட்டுப் படலையைத் திறந்து யார் வருகிறார்கள் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

எமது நாட்டில் அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. களுத்துறையில் 1926இல் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்து வந்த ஏற்பாடு அது. எமது கல்லூரியைப் போல அதற்கும் நூறு வயது. குடும்பநல உத்தியோகத்தர் என்று கடதாசியில் எழுதுவோம், மிட்வைஃப் அக்கா என்று கூப்பிடுவோம். பிள்ளை பிறந்து முதல் ஐந்து நாளுக்குள் ஒரு தடவை, பத்து நாளுக்குள் இன்னொரு தடவை அவர் வீட்டுக்கு வர வேண்டும். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகள் 82 வீதம் என்று 2016ஆம் ஆண்டின் நாடளாவிய குடிசன, சுகாதார அளவீடு காட்டியது. உலகில் பல நாடுகள் எட்டாத அளவு இது. விளம்பரத்தால் வந்ததல்ல, படலையைத் திறந்து போன கால்களால் வந்தது.

ஆனால் வன்னியில் அந்தக் கால்கள் போதாது. ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்பது கணக்கு. எமது பக்கத்தில் ஒருவரே தன் பிரிவோடு பக்கத்துப் பிரிவையும் பதில் கடமையாகப் பார்க்கிற இடங்கள் உண்டு. கிரவல் பாதை, மாரியில் வெள்ளம், மாலையானால் யானை. ஐந்தாம் நாள் வர வேண்டியவர் பத்தாம் நாள் வருவார். அதற்குள் போத்தல் வீட்டுக்குள் வந்துவிடும்.

இந்த இடைவெளியை இவ்வளவு காலமும் நிரப்பியவர்களில் சுகாதாரத் தொண்டர்கள் முக்கியமானவர்கள். போர்க்காலத்திலும் மீள்குடியேற்றத்தின்போதும் சொற்பக் கொடுப்பனவுக்கும், சில வேளை ஒன்றுமில்லாமலும் வேலை செய்தார்கள். நிரந்தர நியமனம் கேட்டு யாழ்ப்பாணத்தில் ஆளுநர் செயலகத்தின் முன்னால் அவர்கள் போராடிய செய்திகளை நீங்கள் வாசித்திருப்பீர்கள்.

எமக்குத் தெரிந்த ஒரு குளத்தடிக் கிராமத்திலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள். பெயர் வேண்டாம். உயர்தரம்வரை படித்தவள், மீள்குடியேறிய நாளிலிருந்து தொண்டராக இருப்பவள். தாய்ப்பாலூட்டல் ஆலோசனை பற்றிப் பயிற்சி பெற்றவள். மூன்றாம் நாள் சைக்கிளில் போவாள். தாயின் முதுகுக்குத் தலையணை வைத்து, பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, அரை மணித்தியாலம் பக்கத்தில் இருப்பாள். பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்கிறதா என்று எண்ணச் சொல்லுவாள். காய்ச்சலோ மார்பில் கட்டோ கண்டால், பிள்ளை சோர்ந்து கிடந்தால், அன்றைக்கே எம்மிடம் அனுப்புவாள். கொடுப்பனவு வழங்கிய தொண்டு நிறுவனம் திட்டம் முடிந்து போய்விட்டது. நேர்முகத் தேர்வு வந்தபோது போர்க்காலத்துச் சேவைக் கடிதங்கள் அவளிடம் இல்லை. இடம்பெயர்வில் போன பெட்டியோடு அவையும் போய்விட்டன. பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. வவுனியா நகரில் ஒரு கடையில் விற்பனையாளர் வேலைக்குப் போகப் போகிறாள் என்று கேள்விப்பட்டோம்.

இங்கே வேலைகள் அறிவித்தல் கொடுத்து நிறுத்தப்படுவதில்லை. ஓய்வு பெற்றவரின் இடத்துக்கு ஆள் வராது, மாற்றம் பெற்றவரின் இடம் வெறுமையாகக் கிடக்கும், தொண்டர் களைத்துப் போய்க் கடை வேலைக்குப் போவார். யாரும் அவரை வேலையால் நிற்பாட்டியதாகக் கணக்கில் இராது.

அந்தக் கிராமத்தின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினர் அதைச் சும்மா விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் கூடினார்கள். தாய்மார் பிள்ளைகளின் கிளினிக் கொப்பிகளைக் கொண்டுவந்து மேசையில் அடுக்கினார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்தத் திகதியில் அவள் வந்தாள், என்ன சொல்லிக் கொடுத்தாள், நிறை எப்படி ஏறியது என்று பிள்ளை பிள்ளையாக எழுதினார்கள். எழுதத் தெரியாத அம்மம்மாமார் பெருவிரல் அடையாளம் வைத்தார்கள். எமது பங்கு, அந்த வளர்ச்சிக் கோடுகள் சொல்வது என்ன என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தது மட்டும்தான். "அவள் நல்ல பிள்ளை, வேலை கொடுங்கோ" என்ற மனுக்கள் அலுவலகங்களுக்கு நிறைய வரும். இது அவள் செய்த வேலையின் பதிவாக இருந்தது. தொலைந்துபோன சேவைக் கடிதங்களுக்குப் பதிலாக ஊரே ஒரு சேவைக் கடிதம் எழுதியது.

முடிவு முழு வெற்றி என்று சொல்ல மாட்டோம். அவளுடைய பெயர் மீண்டும் கவனத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது. நியமனக் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை. அதுவரை காலபோக அறுவடைக்குப் பின் வீட்டுக்கு ஐந்து கிலோ நெல் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அவள் கடைக்குப் போகவில்லை. இன்றைக்கும் மூன்றாம் நாள் போகிறாள்.

ஒருத்தியால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு டாக்கா நகரின் அனுபவத்தைச் சொல்லலாம். அங்கே அயலில் வாழ்ந்த சாதாரணத் தாய்மாருக்குப் பத்து நாள் பயிற்சி கொடுத்து, புதிய தாய்மாரின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் கொடுத்தவர்கள், அவர்கள் போன வீடுகளில் 70 வீதம், போகாத வீடுகளில் 6 வீதம். 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இது. பிரித்தானியாவில் இருக்கும் தோழிகளுக்கும் இது புதிதல்ல. உள்ளூராட்சி நிதி குறைந்தபோது அங்கும் பல இடங்களில் தாய்ப்பாலூட்டல் உதவிச் சேவைகள் மூடப்பட்டன. தாய்மார்தான் அவற்றுக்காகக் குரல் கொடுத்தார்கள்.

ஒன்றைத் தவறாக விளங்கிக்கொள்ள வேண்டாம். பால் கொடுக்க முடியாத தாய்மார் உண்டு. தாயை இழந்த பிள்ளைகள் உண்டு; எமது மண்ணில் அவர்கள் கொஞ்சப் பேரல்ல. அவர்களுக்குக் குழந்தைப் பால்மா மருந்து போன்றது, வைத்திய ஆலோசனையோடு கொடுக்கத்தான் வேண்டும். போத்தல் கொடுத்த எந்தத் தாயையும் இங்கே யாரும் குற்றம் சொல்லவில்லை. அவளுக்கு நேரத்துக்கு உதவி கிடைக்கவில்லை என்பதுதான் எமது வருத்தம்.

ஆகவே சங்கத்திடம் மூன்று விடயங்களைக் கேட்கிறோம். முதலாவது, பால்மா அனுப்ப முன் எம்மிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டாவது, வெற்றிடமான குடும்பநலப் பிரிவுகளை நிரப்பவும் நீண்டகாலத் தொண்டர்களைக் கவனத்தில் எடுக்கவும் கோரி, எமது சங்கத்தின் பெயரில் எழுதுங்கள். நூறு வருடக் கல்லூரியின் கடிதத்தை ஒதுக்கி வைப்பது கடினம். மூன்றாவது, குடும்பநலப் பயிற்சிக்குத் தெரிவாகும் எமது மாணவிகளுக்குப் போக்குவரத்துக்கும் தங்குமிடத்துக்கும் உதவுங்கள். பயிற்சி ஒன்றரை வருடம். வீட்டு நிலைமையால் அதை இடையில் விட்ட பிள்ளைகளை எமக்குத் தெரியும். தொண்டர்களுக்குச் சிறு கொடுப்பனவு வழங்க நீங்கள் விரும்பினால் அதையும் தடுக்கமாட்டோம். ஆனால் பணம் போகிற ஒவ்வொரு தடவையும் கடிதமும் போக வேண்டும். இல்லாவிட்டால் அரசாங்கம் கொடுக்க வேண்டிய சம்பளத்தை நாமே காலம் முழுக்கச் சுமக்க வேண்டி வரும்.

அந்தக் குளத்தடிக் கிராமத்தில் அடுத்த மாதம் இரண்டு பிள்ளைகள் பிறக்க இருக்கிறார்கள். ஒருவருடைய தாய் எமது கல்லூரியில் படித்தவள், உங்கள் தங்கை. அவளுடைய வீட்டுப் படலையைத் திறக்க மூன்றாம் நாள் ஆள் இருக்க வேண்டும். அதற்கு உங்கள் கையெழுத்தையும் கேட்டு விடைபெறுகிறோம்.