மலையை இருமுறை உடைக்க வேண்டாம்: சிங்கப்பூரின் கட்டுமானக் கழிவும் நம் பொறுப்பும்

(பெற்றோர், இளையோர் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் விடுமுறை நாள்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புக்கிட் தீமா மலைக்குச் சென்றிருப்பீர்கள். மலையடிவாரத்தில் செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே ஹிண்டீட் என்னும் பெயரில் ஓர் அழகிய குளம் உள்ளது. அது இயற்கையாகத் தோன்றிய குளம் அன்று. கருங்கல்லுக்காக மலையை வெட்டியெடுத்த பள்ளம். பின்னர் மழைநீர் நிரம்பிக் குளமாயிற்று. இத்தீவின் பழைய மழைக்காட்டில் எஞ்சியவற்றுள் ஒரு பகுதி அம்மலை மீது இருக்கிறது. அந்தக் காட்டின் காலடியை உடைத்துத்தான் இந்நகரின் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் ஜல்லி எடுத்தார்கள்.

அந்தக் கற்சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. உபின் தீவின் கடைசிச் சுரங்கமும் 1999-இல் மூடப்பட்டது. இன்று கல்லும் மணலும் வெளிநாடுகளிலிருந்து வருகின்றன. 2007-ஆம் ஆண்டில் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடை செய்தபோது இங்குக் கட்டுமானத் துறையே தடுமாறியது. அப்போதுதான் பழைய கட்டடம் ஒவ்வொன்றும் ஒரு கற்சுரங்கம் என்பதைப் பலரும் உணர்ந்தனர்.

இடிபாட்டுக்கு என்ன நேர்கிறது? இங்குள்ள இடிப்பு நெறிமுறையின்படி, முதலில் கட்டடத்தில் என்னென்ன பொருள்கள் உள்ளன என்று கணக்கெடுக்க வேண்டும். பிறகு கதவு, சன்னல், குழாய், மின்கம்பி ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். அதன் பின்னரே கான்கிரீட்டை உடைக்க வேண்டும். உடைத்ததைத் தளத்திலேயே தரம் பிரிக்க வேண்டும். இரும்புக் கம்பி உருக்கப்படுகிறது. கான்கிரீட் அரைக்கப்பட்டு ஜல்லியாகிறது. 2019-இல் ஏறத்தாழ 14 இலட்சம் டன் கட்டுமானக் கழிவு உண்டாயிற்று. அதில் 99 விழுக்காடு மறுசுழற்சி செய்யப்பட்டதாக அரசுக் கணக்கு கூறுகிறது. இது பாராட்டத்தக்க சாதனை.

ஆனால் 99 என்னும் எண்ணைக் கேட்டு நாம் நிம்மதியாக உறங்கிவிடலாமா? பொறியியல் படித்தவன் என்ற முறையில் மூன்று செய்திகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, அரைத்த ஜல்லி புதிய ஜல்லிக்கு முற்றிலும் ஈடாகாது. அதன்மேல் ஒட்டியிருக்கும் பழைய சிமெண்டுச் சாந்து தண்ணீரை உறிஞ்சும். எனவே பெரும்பகுதி சாலையின் அடித்தளத்துக்கும் அதுபோன்ற எளிய பயன்களுக்கும் செல்கிறது. தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் இன்னும் மலைகளை உடைக்க வேண்டியுள்ளது. அந்த மலைகள் வேறு நாட்டில் இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே.

இரண்டாவது, மறுசுழற்சிக்கு உதவாதவையும் எரியாதவையும் எரித்தவற்றின் சாம்பலும் செமாக்காவ் தீவைச் சேர்கின்றன. கடலில் 7 கிலோமீட்டர் நீள அணைகட்டி 1999-இல் திறக்கப்பட்ட அந்நிரப்பிடமே இந்நாட்டில் எஞ்சியுள்ள ஒரே குப்பைக் கிடங்கு. அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இங்கு அமர்ந்திருக்கும் சிறுவர்கள் வேலைக்குப் போகும் காலம் அது.

மூன்றாவது, மழை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊர் இது. காட்டின் மண்ணை இலைகளும் வேர்களும் காக்கின்றன. மரங்களை அகற்றித் தோண்டிய மண்ணை ஒரு பிற்பகல் மழையே கால்வாயில் சேர்த்துவிடும். கட்டுமானத் தளத்திலிருந்து வெளியேறும் நீரில் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் துகள்கள் இருக்கக்கூடாது என்பது இங்குள்ள சட்டம். ஏன் இந்தக் கண்டிப்பு? நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரு பங்கில் விழும் மழை 17 நீர்த்தேக்கங்களைச் சேர்கிறது. நம் குடிநீரில் ஒரு பகுதி அதுவே. உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கப்பூர் நன்னீர் நண்டும் இங்குள்ள சில தெளிந்த ஓடைகளில்தான் உயிர் பிழைத்திருக்கிறது.

இவையெல்லாம் பெரிய நிறுவனங்களின் கவலை, நமக்கென்ன என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மறுவிற்பனை வீவக வீடு ஒன்றை வாங்கினேன். தரை ஓடுகளின் நிறம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. முழுவதையும் உடைக்கச் சொன்னேன். உடைக்க வந்தவர்களுள் புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, கல்லு நல்லாத்தானே இருக்கு, ஒரு விரிசல்கூட இல்லையே, எதுக்கு உடைக்கச் சொல்றீங்க?" என்று கேட்டார். பொறியியல் பட்டம் பெற்ற எனக்கு விடை தெரியவில்லை. அவர் தோளில் சுமந்து இறக்கிய மூட்டைகளை எண்ணத் தொடங்கினேன். எண்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். ஓடு, சாந்து, மரத்தூள், நெகிழிப் பை எல்லாம் ஒன்றாகக் கலந்து லாரியில் ஏறின. அவ்வாறு கலந்துவிட்ட கழிவைப் பிரிப்பதுதான் மிகக் கடினம்.

ஆகவே பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வீட்டைப் புதுப்பிக்கும் முன் எதை உடைக்காமல் விடலாம் என்று முதலில் பட்டியலிடுங்கள். புதிய வீவக வீட்டில் குளியலறை ஓடுகளை முதல் 3 ஆண்டுகளுக்கு உடைக்கக்கூடாது என்ற விதி நீர்க்கசிவைத் தடுப்பதற்காக ஏற்பட்டது. அதே பொறுமையை மற்ற அறைகளுக்கும் நாமாகவே கடைப்பிடிக்கலாம். விதி அனுமதிக்கும் இடத்தில் பழைய தரைமேலேயே புதிய தரையைப் பதிக்கலாம். கழற்றிய கதவையும் அலமாரியையும் தேவைப்படுவோருக்குக் கொடுக்கலாம். கழிவு எங்கே செல்கிறது, தரம் பிரிக்கப்படுகிறதா என்று குத்தகையாளரிடம் கேளுங்கள். விலையை மட்டும் கேட்டால் விலைக்கு மட்டுமே அவர் பதில் சொல்வார்.

இளைஞர்களே, உங்களில் சிலர் நாளை கட்டடக் கலைஞர்களாகவும் பொறியாளர்களாகவும் வருவீர்கள். கட்டும்போதே கழற்றும் வழியையும் வரைபடத்தில் சேர்த்துவிடுங்கள். பற்றவைப்பதற்கு மாறாகத் திருகாணி இட்டால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த உத்தரத்தை முழுதாகக் கழற்றி இன்னொரு கட்டடத்தில் பொருத்தலாம்.

அடுத்த முறை ஹிண்டீட் குளத்தருகே நிற்கும்போது, அந்தப் பள்ளத்திலிருந்து எடுத்த கல் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால், இந்த உரையை நினைவுகூருங்கள். இது நாம் பிழைக்க வந்த ஊர். நம் பிள்ளைகளுக்கோ சொந்த ஊர். அதன் காட்டையும் நீரையும் காப்பது நம் கடமை.