நாவின் முடிச்சு அவிழட்டும்!

(இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



ஃபிர்அவ்னிடம் போகுமுன் மூஸா (அலை) அவர்கள் படை கேட்கவில்லை. தம் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி துஆச் செய்தார்கள். நன்றாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கேட்டார்கள். நாமோ, பத்திரிகை நம்மைத் தாறுமாறாக எழுதினால் டீக்கடையில் கொதிக்கிறோம். மறுப்பு எழுத ஆள் தேடுகிறோம்!

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தைப் பாருங்கள். அங்கே இரண்டாண்டு சமுதாயக் கல்லூரிகள் 116 உள்ளன. 60 அலகுகள் முடித்துப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேரலாம். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, இதற்கென வகுத்த பட்டத்தை முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. விரும்பிய ஊரில்தான் என்ற உறுதி கிடையாது. தகவல் தொடர்பியலும் அவற்றில் ஒன்று. மேடைப் பேச்சு, வாதம் செய்தல், குழுவில் பேசுதல் எல்லாம் பாடங்கள். வேறு துறைக்குப் போகிறவரும் பொதுவாகப் பேச்சுப் பாடத்தில் தேறியாக வேண்டும்!

வியாபாரிகளே, கணக்குப் போடுங்கள். அம்மாநிலவாசிக்கு அலகுக்கு 46 டாலர். 60 அலகுக்கு 2,760 டாலர். (வெளிநாட்டு மாணவருக்குப் பல மடங்கு. எனவே எல்லோரும் விமானம் ஏறுங்கள் என்று சொல்லவில்லை!) பகலில் கடையில் நின்றவர் மாலையில் வகுப்புக்குப் போகிறார். நாம் பன்னிரண்டாவதோடு மகனைக் கல்லாவில் உட்காரவைத்து, படிப்பையும் பூட்டிவிடுகிறோம்.

அங்கே பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒன்று: முதல் பருவத்திலேயே கல்லூரி ஆலோசகரைக் கேட்டுப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள். கண்டதை எடுத்தால் சில அலகுகள் கணக்கில் சேராமல் போகும். காசும் காலமும் கூடுதலாகும்.