ஓடும் ஓட்டும்



தென்னாட்டிலிருந்து புதிதாய்த் தலைநகர் வந்து சேரும் நம்மவர், ‘கோல் மார்க்கெட்’ என்னும் பெயரைக் கேட்டுச் சற்றே திகைப்பதுண்டு. கோல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன எழுதுகோலும் துலாக்கோலும் செங்கோலுமே அல்லவா? இந்தியில் அச்சொல் வட்டத்தைக் குறிப்பது என்பது பிறகே விளங்கும். 1921-இல் எழுந்த அக்கட்டடத்தைச் சுற்றி வந்து எண்ணினால், அது வட்டமுமன்று, பன்னிரண்டு பக்கம் உடையது என்பது தெரியும். மெய்யான செங்கோலோ சிறிது தொலைவில் இருக்கின்றது. 1947-இல் திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் நேருவிடம் அளிக்கப்பெற்ற அது, 2023 முதல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் விளங்குகின்றது. பெயர் ஓரிடம், பொருள் ஓரிடம்!

ஆங்கில அரசியற் சொற்களின் கதையும் ஏறக்குறைய இத்தகையதே. வட்டத்திலிருந்தே தொடங்குவோம். பதவி நாட்டத்தைக் குறிக்கும் ‘அம்பிஷன்’ என்ற சொல்லுக்கு இலத்தீனில் சுற்றி வருதல் என்றே பொருள். பண்டை உரோமில் பதவி வேண்டினோர் வாக்குக் கேட்டு வீதி வீதியாய்ச் சுற்றினர். அப்போது அவர்கள் அணிந்தது வெண்சுண்ணம் பூசி வெளுப்பேற்றிய ஆடை. அவ்வெள்ளாடையால் வந்த பெயரே ‘காண்டிடேட்’. ஒளிவுமறைவின்றிப் பேசுவதைச் சுட்டும் ‘காண்டிட்’ என்பதும் அதே வேரில் பிறந்தது. உடன்பிறந்த இவ்விரு சொற்களும் தேர்தற் காலத்தில் ஒரே வீட்டில் தங்குவது அரிது. தமிழில் வேட்பவர் வேட்பாளர். அவருக்கும் வேட்டிக்கும் இலக்கணத்தில் உறவில்லை. நடைமுறையில் நெருங்கிய உறவு.

இவற்றினும் நம்மை மிகக் கவர்ந்த சொல் ‘ஆஸ்ட்ரசிசம்’. இன்று அதற்கு ஒதுக்கிவைத்தல் என்று பொருள். அதன் வேராகிய கிரேக்கச் சொல் பானையோட்டையும் குறிக்கும், சிப்பி முதலியவற்றின் ஓட்டையும் குறிக்கும். தமிழில் ‘ஓடு’ என்பது போலவே என்க. ஏதென்சு நகரத்தார், அளவு மீறி ஓங்கியவர் எனத் தாம் கருதியவரின் பெயரை உடைந்த பானையோட்டில் கீறி இடுவர். ஆறாயிரம் என்னும் அளவு எட்டினாலன்றி அது செல்லாது. எட்டினால், உரியவர் பத்தாண்டு நகரைவிட்டு நீங்க வேண்டும். ஓட்டில் எழுதி, ஓட்டுப் போட்டு, ஆளை ஓட்டினார்கள்! ‘வோட்’ என்ற ஆங்கிலச் சொல்லை நம்மவர் ‘ஓட்டு’ ஆக்கியபோது இக்கதையை அறிந்திருக்கமாட்டார்கள். ஆயினும் எவ்வளவு பொருத்தம்!

கி.மு. 482-இல் நடந்த அத்தகைய வாக்கெடுப்பில், எழுத்தறியாத ஒருவன் தன் ஓட்டை அருகிலிருந்தவரிடம் நீட்டி, அரிஸ்டைடீஸ் என்று எழுதித் தருமாறு கேட்டானாம். அவர் உனக்கு என்ன தீங்கு செய்தார் என்று வினவ, ஒன்றுமில்லை, எல்லாரும் அவரை நீதிமான் நீதிமான் என்று சொல்லக் கேட்டுச் சலித்துவிட்டது என்றானாம். கேட்டவர் மறுமொழி கூறாது எழுதித் தந்தார். அவரே அரிஸ்டைடீஸ்.

நம் உத்தரமேரூரிலும் பானை உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளின்படி, முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். அங்கே உடைந்த பானை ஆளை வெளியேற்றியது; இங்கே முழுப்பானை ஆளை அமர்த்தியது.

இனி ஒரு சொல்லோடு நிறுத்துவோம். அறிவிலியைத் திட்டும் ‘இடியட்’ என்ற சொல் தொடக்கத்தில் வசவன்று. கிரேக்கத்தில் அது பொதுப்பணி ஏலாது, தன் காரியத்தோடு நின்ற தனியாளைக் குறித்தது. இதைப் படித்த அன்று நமக்குச் சிறிது சுருக்கென்றது. இங்கே குடியேறிப் பதினோராண்டு கழிந்தும் நம் பெயர் கும்பகோணத்தருகே ஒரு சிற்றூர்ப் பட்டியலிலேயே இருந்தது. தேர்தலன்று அங்கே செல்ல விடுப்பில்லை, இங்கே பெயரில்லை. அண்டை வீட்டு நண்பரைக் கேட்டோம். “ஊரில் வீடு இருக்கிறதே, ஐயா!” என்றார். வீடு இருப்பது மட்டும் போதாது. வழக்கமாய் வாழும் தொகுதியிலேயே, அதுவும் ஒரே தொகுதியில்தான், பெயர் இருத்தல் வேண்டும் என்பது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். படைவீரர் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு உண்டு.

குடிமாறியவர் நிரப்ப வேண்டியது எட்டாம் எண் படிவம். நண்பருக்கும் சேர்த்து இரண்டு வாங்கி வந்தோம். அவருடையது இன்னும் அவர் வீட்டு அலமாரியில், பழைய பஞ்சாங்கத்தின் அடியில் இருக்கின்றது.