டாக்குரியாவின் ஒரு க்



கல்கத்தாவின் டாக்குரியா ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் வங்காளத்தில் எழுதியிருக்கும் முதல் எழுத்தைத் தமிழில் எழுத வழியில்லை. தமிழில் ஒரே ‘ட’ செய்கிற வேலையை வங்காளத்தில் நான்கு எழுத்துகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ‘டாக்’ என்றால் அழைப்பு, தபால். அதையே மூச்சை அழுத்திச் சொன்னால், துர்கா பூஜைப் பந்தலில் முழங்குகிற மேளம். உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு இரண்டையும் சொல்லிப் பாருங்கள். மேளத்தைச் சொல்லும்போது கையில் காற்றுப் படும். இந்த வட்டாரத்தின் பெயர் மேளத்துக்குரிய எழுத்தில்தான் தொடங்குகிறது.

அடுத்து அந்தக் ‘க்’. வங்காளத்தில் இந்தப் பெயரில் இருப்பது ஒற்றைக் ககரம். தமிழர் எழுதும்போது மட்டும் ‘க்கு’ என்று இரட்டிக்கிறது. ‘டாகுரியா’ என்று எழுதினால் ‘பகுதி’, ‘தகுதி’ என்பதுபோல ஓசை மெலிந்துவிடும். வல்லினம் வல்லினமாகவே நிற்க வேண்டுமென்றால் ஒற்று மிக வேண்டும். வெளியூர்ப் பெயருக்கு இப்படிச் செய் என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் தமிழில் எழுதுகிறவரின் கை அதைத் தானாகச் செய்கிறது. பேசுகிறவருக்கே தெரியாமல் அவர் வாயிலும் கையிலும் குடியிருக்கும் இத்தகைய விதிகளைத் தேடி எடுக்கும் படிப்புக்குத்தான் மொழியியல் என்று பெயர்.

பிளஸ் டூ முடித்த பிள்ளை, “அயல்மொழியும் மொழியியலும் எடுத்து பி.ஏ. படிக்கிறேன்” என்றால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, “எத்தனை பாஷை கத்துக்குவே?” என்பது. அடுத்தது, “என்ன வேலை கிடைக்கும்?” இரண்டும் நியாயமான கேள்விகள்தான்.

எண்ணிக்கைக்குக் கல்கத்தாவில் ஒரு மாமனிதர் இருந்தார். ஹரிநாத் தே, 1907-இல் இம்பீரியல் நூலகத்தின் முதல் இந்திய நூலகரானவர். 1911-இல் இறந்தபோது அவருக்கு வயது 34. அறிந்த மொழிகளும் 34 என்பார்கள். அது வியந்து வணங்க வேண்டிய வரம். ஆனால் வரத்தை நம்பி யாரும் கல்லூரியில் சேர முடியாது.

கோல்பார்க்கிலிருந்து நடக்கும் தூரத்தில் ஹிந்துஸ்தான் பார்க்கில் வாழ்ந்த சுநீதி குமார் சட்டர்ஜியின் வழி வேறு. ஆங்கில இலக்கியம் படித்தவர் அவர். லண்டனுக்கும் பாரிஸுக்கும் போய் ஒலியியலும் ஒப்பியல் மொழியியலும் பயின்றார். வங்காளத்தின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஒலி ஒலியாக ஆராய்ந்து 1926-இல் பெருநூல் வெளியிட்டார். தாய்மொழியின் மீதுள்ள பற்றை இப்படியும் காட்டலாம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாமல் இருப்பது பெரிய குறை.

இந்தப் படிப்பு கற்றுத்தரும் மிக முக்கியமான காரியம் ஒன்று உண்டு. ஒற்றுமை வேறு, உறவு வேறு என்று பிரித்தறிவது. கோல்பார்க் ராமகிருஷ்ண மிஷன் பண்பாட்டு நிலையத்தில் ஜப்பானிய மொழி வகுப்பில் சேரும் தமிழ் மாணவருக்கு முதல் மாதமே வியப்பு காத்திருக்கிறது. ‘கோஹன் ஓ தபெரு’ என்றால் ‘சோற்றைத் தின்கிறேன்’; சொல் வரிசையும் அதே. செயப்படுபொருள் முன்னே, வினை கடைசியில்; ‘ஓ’ நம் ‘ஐ’ உருபைப்போலப் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளும் உறவு என்றே வாதாடினார். தமிழர் மகிழ்ந்தனர், மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. துருக்கி மொழியிலும் வினை கடைசியில்தான் வரும். வாக்கிய வரிசையை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது.

இப்போது இதே மாநிலத்தின் வடக்கே, டுவார்ஸ் தேயிலைத் தோட்டங்களுக்கு வாருங்கள். அங்கே ஒராவோன் மக்கள் பேசும் குடுக் மொழி தமிழ்க் காதுக்கு முற்றிலும் அந்நியமாக ஒலிக்கும். கண்ணைச் சொல்லும்போது தொடக்கத்துக் ககரம் தொண்டையில் உரசி, ஏறக்குறைய ‘ஹன்’ என்று வருகிறது. கையைச் சொன்னாலும் அதே உரசல். வெயிலில் காய்வதைச் சொன்னாலும் அதே. ஒரு சொல்லில் என்றால் தற்செயல்; சொல்லுக்குச் சொல் அதே மாற்றம் வந்தால் அது ரத்த உறவு. பல், குடுக்கிலும் ‘பல்’தான். ‘வா’ என்பதன் வகரம் அங்கே ‘b’ ஓசையுள்ள பகரமாகிவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 20 லட்சம் பேர் பேசும் திராவிட மொழி இது. கல்கத்தாத் தமிழர் குடிக்கும் தேநீரின் இலையைக் கிள்ளும் கைகளில் சில, தமிழுக்கு உறவான மொழி பேசுகிறவர்களின் கைகள்.

இப்படி மொழிகளுக்குள் உறவு தேடுவதற்கும் கல்கத்தாவுக்கும் பழைய தொடர்பு உண்டு. சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்தில் பிறந்தவை என்று வில்லியம் ஜோன்ஸ் 1786-இல் இதே நகரில் அறிவித்தார். தென்மொழிகள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல என்று 1816-இல் சென்னையிலிருந்து எல்லிஸ் காட்டினார். 1856-இல் வந்த கால்டுவெல் நூல் அதை விரித்தது. அந்தச் சங்கிலியின் இரு முனைகளும் கல்கத்தாத் தமிழர் கையில் இருக்கின்றன.

படிக்க எங்கே போவது? சாந்திநிகேதனில் 1937-இல் தாகூர் தொடங்கிய சீன பவனம் இருக்கிறது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அயல்மொழிகளில் பி.ஏ. ஹானர்ஸ் உண்டு. ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். டாக்குரியாவுக்கு அடுத்த ஸ்டேஷனான ஜாதவ்பூரில் 1956 முதல் ஒப்பிலக்கியத் துறை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலோ பழைய மொழியியல் துறை இருக்கிறது.

வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பொறியியல் கல்லூரிபோல வளாகத்துக்கே நிறுவனங்கள் வரிசையில் வருவதில்லை. அயல்மொழியில் அரைகுறையாக நின்றுவிட்டால் பட்டம் சோறு போடாது. மொழிபெயர்ப்பு, பேச்சுமொழிபெயர்ப்பு, அகராதி, ஆசிரியப் பணி என்று பழைய வழிகள் இருக்கின்றன. கணினிக்கு இந்திய மொழிகளைக் கற்பிக்கும் வேலை புதிது; 2022-இல் மத்திய அரசு தொடங்கிய பாஷினி திட்டம் அதில் ஒன்று. பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் மட்டும் 121 கொண்ட நாட்டில் அந்த வேலை சீக்கிரம் தீராது.

வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், டாக்ஸியில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்த கல்கத்தாத் தமிழ்ப் பிள்ளைக்குக் காது ஏற்கெனவே பழகியிருக்கிறது. துர்கா பூஜையில் மேளம் முழங்கும்போது அந்தப் பிள்ளையை அருகில் அழைத்து, ‘டாக்’ இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். சரியாகச் சொல்லிவிட்டு, “இது ஏன் தமிழில் இல்லை?” என்று கேட்டால், மறுநாளே கோல்பார்க்குக்குக் கூட்டிப்போய் வகுப்புகளை விசாரித்து வாருங்கள்.