காலெரிச்சலும் கர்ம வினையும்



நரம்பு வலி என்பதைப் பற்றி நான் பேச வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். நான் வைத்தியனல்ல, எட்டாவது வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனால் இந்த வலி எனக்கு ஆறு வருஷமாக இருந்து வருகிறது. ஆகவே பட்டதைக் கொண்டும், டாக்டர்களிடம் கேட்டும் புத்தகங்களைப் பார்த்தும் தெரிந்து கொண்டதைக் கொண்டும் பேசுகிறேன்.

முதலாவதாக, நரம்பு என்பது எது என்பதிலேயே நமக்குக் குழப்பம். ரத்தம் எடுக்க வருகிற நர்சு, "நரம்பு கிடைக்கவில்லை" என்கிறார். கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்திருப்பதை "நரம்பு சுருட்டிக் கொண்டது" என்கிறோம். இவை இரண்டும் ரத்தக் குழாய்களே தவிர நரம்பல்ல. நான் சொல்லுகிற நரம்பு, உடம்புக்கும் மூளைக்கும் நடுவில் சேதி கொண்டு போகிற கம்பி போன்றது. போதாக்குறைக்கு "நரம்புத் தளர்ச்சியா?" என்று சுவரெல்லாம் நோட்டீசு ஒட்டி, லாட்ஜில் அறை எடுத்து உட்கார்ந்து கொண்டு, வாலிபர்களிடம் பணம் பிடுங்குகிற ஒரு கூட்டமும் இருக்கிறது. அந்தப் புரட்டுக்கும் இன்றைய விஷயத்துக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை.

நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி உண்டென்று 2023ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு சொல்லுகிறது. ரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் மிஞ்சி நின்றால், நரம்பும், அதற்கு உணவு கொடுக்கிற நுண்ணிய ரத்தக் குழாய்களும் கெடுகின்றன. எல்லா நரம்பும் ஒரே சமயத்தில் கெடுவதில்லை. அதிக நீளமானதே முதலில் கெடுகிறது. கால் விரலுக்கு வருகிற நரம்பு இடுப்பெலும்புப் பக்கத்தில் புறப்பட்டுச் சுமார் 1 மீட்டர் தூரம் வருகிறது. ஆகையால்தான் எரிச்சல் இரண்டு கால் விரல்களிலும் ஆரம்பித்து, காலுறை போட்டது போல் மேலே ஏறி, முழங்காலை நெருங்கும் சமயத்தில் கைவிரல் நுனிகளிலும் தெரிகிறது.

இதைக் கர்ம வினை என்றும், செய்வினை என்றும், நாக தோஷம் என்றும் சொல்லுகிறவர்களை ஒன்று கேட்கிறேன். போன ஜென்மத்துப் பாவம் தண்டனை கொடுக்க வருகிறபோது, முழம் போட்டு நரம்பின் நீளத்தை அளந்து, நீளமானதைத்தான் முதலில் பிடிக்க வேண்டுமென்ற அவசியம் என்ன? பாவம் செய்தது கையாக இருந்தாலும் தண்டனை கால் கட்டைவிரலுக்குத்தானா?

கெட்ட நரம்பு பொய்ச் சேதி அனுப்புகிறது. நெருப்பே இல்லாமல் "நெருப்பு" என்கிறது, ஊசியில்லாமல் குத்துகிறது. போர்வை பட்டால்கூட எரிகிறது. இரவில் அதிகமாகிறது. வெளியிலே பார்த்தால் காலில் ஒரு கீறலும் இராது. ஆகவே வீட்டில் நம்ப மாட்டார்கள். அதிலும் வயதான ஒரு தாய் ராத்திரியெல்லாம் ஈரத்துணியைக் காலில் சுற்றிக் கொண்டு உட்கார்ந்திருந்தால், "கிழவிக்கு வேறு வேலையில்லை" என்று பிள்ளையும் மருமகளும் திரும்பிப் படுத்துக் கொள்ளுகிறார்கள். தோழர்களே, அது வேஷமல்ல. அந்த வலி மெய்யானது.

இனி என் புத்தியைச் சொல்லுகிறேன், சிரிக்காமல் கேளுங்கள். கோவில் வாசலை மிதிக்காத நான், இந்த எரிச்சலுக்காக 800 ரூபாய் கொடுத்து ஒரு செப்புக் காப்பு வாங்கி எட்டு மாதம் போட்டிருந்தேன்! கையிலே தாயத்துக் கட்டியவனைக் கேலி செய்து கொண்டே மேடையிலே பேசி வந்தேன். அப்புறம் ஓர் ஊர் டாக்டரிடம் வாரா வாரம் "நரம்பு ஊசி" போட்டுக் கொண்டேன். என் ரத்தத்தை அவர் ஒரு தரம்கூடச் சோதித்ததில்லை. ஊசியில் இருந்தவை பி வகை வைட்டமின்கள். பி12 குறைந்தவர்களுக்கு அது அவசியமான மருந்துதான். மாமிசம், முட்டை, பால் எதுவும் சாப்பிடாதவர்களுக்கும், மெட்பார்மின் மாத்திரையை வெகுகாலம் சாப்பிடுகிறவர்களுக்கும் அது குறையக்கூடும். ஆனால் பி6 என்பது அளவுக்கு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். ஆகையால் வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னாலும் "எதற்காக?" என்று கேட்க வேண்டும்.

லேகியக்காரர்களும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004ல் வெளியிட்டார்கள். 14ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. ஈயமும் ஆர்சனிக்கும் நரம்பைக் கெடுக்கிற விஷங்கள்!

சர்க்கரை மாத்திரம் காரணமல்ல. சாராயமும் காரணம். காசநோய்க்குக் கொடுக்கிற ஐசோனியசிட் மாத்திரையும் காரணமாகலாம். அதற்காகத்தான் கூடவே பி6 சிறு அளவில் கொடுக்கிறார்கள். அக்கி வந்து ஆறின பிறகு அந்த இடத்திலேயே மாதக் கணக்கில் வலி நிற்பதுண்டு. அக்கிக்குக் காவி எழுதிக் கொண்டு நாளைக் கழிக்கிறோம். ஆனால் அதற்குரிய கிருமி மருந்தைக் கொப்புளம் கண்ட 3 நாளைக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன்.

வலிக்கு என்ன செய்வது? தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் விழுங்குகிற மாத்திரைகள் இதற்கு அநேகமாகப் பயன்படா. அவற்றில் சிலவற்றைத் தினம் தின்றால், சர்க்கரையால் ஏற்கனவே நொந்து போன மூத்திரக்காயும் கெடும். இதற்கு வேலை செய்பவை வேறு: அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், காபாபென்டின், பிரிகாபலின் என்பவை. முதலிரண்டும் மனச்சோர்வுக்கும், மற்றவை வலிப்புக்கும் கொடுக்கப்படுபவை. சீட்டைப் பார்த்துவிட்டு "என்னைப் பைத்தியம் என்கிறாரா?" என்று ஒரு தோழர் டாக்டரிடம் சண்டைக்குப் போனார். அப்படியல்ல, நரம்பின் பொய்ச் சேதியை அடக்குகிற குணமும் இவைகளுக்கு உண்டு. சிறு அளவில் ஆரம்பித்து மெதுவாக ஏற்ற வேண்டும். பலன் தெரியச் சில வாரங்களாகும். தூக்கமும் கிறுகிறுப்பும் வரும். வயதானவர்கள் விழுந்துவிடாமல் பார்க்க வேண்டும். இருதய வியாதி, கண் அழுத்தம், மூத்திர அடைப்பு இருந்தால் முன்னாலேயே டாக்டரிடம் சொல்லி விட வேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது. வலி முழுவதும் போகும் என்று எவனாவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். பாதி குறைந்தால் அது பெரிய லாபம். எனக்கு அவ்வளவுதான் குறைந்தது, ஆனால் தூங்குகிறேன்.

வலியைவிட நான் பயப்படுகிறது ஒன்றுண்டு. அது வலியில்லாமற் போவது. எரிந்து கொண்டிருந்த கால் மரத்துப் போனதும், "வேண்டுதல் பலித்தது" என்று உண்டியலில் பணம் போடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது. வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு 1946ல் வந்த பால் பிராண்டு என்ற டாக்டர், குஷ்டரோகிகளின் விரல் ஏன் போகிறதென்று ஆராய்ந்தார். விரல் தானாக அழுகி விழவில்லை. நரம்பு செத்து உணர்ச்சி போனதால், சுடுகிறதும் அறுக்கிறதும் தெரியாமல் காயத்தின் மேல் காயமாகித் தேய்கிறதென்று கண்டார். தூங்கும்போது எலி விரலைக் கடித்ததுகூடச் சிலருக்குத் தெரியவில்லை! பாவத்தின் சம்பளமென்று ஊரை விட்டு விரட்டப்பட்டவர்களின் விரலைத் தின்றது எலி.

சர்க்கரைக்காரர்களின் மரத்த காலுக்கும் இதே கதிதான். இப்படிப்பட்ட காலோடு தீ மிதிப்பதும், பழனிக்குச் செருப்பில்லாமல் நடப்பதும், சித்திரை வெய்யிலில் கோவில் கல்தளத்தைச் சுற்றுவதும் எவ்வளவு கொடுமை! கொப்புளம் சுடுவது தெரிவதில்லை. சீழ் வைத்து நாற்றம் வந்த பிறகே தெரிகிறது. அப்புறம் விரல், அப்புறம் கால். பக்தி வேண்டுமென்கிறவர்கள் வைத்துக் கொள்ளட்டும். காலைக் காணிக்கையாகக் கேட்கிற சாமி யாருக்கு வேண்டும்?

தினம் ராத்திரி பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கையும் அடிப்பாதத்தையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வையுங்கள். வெந்நீரைக் காலால் சோதிக்காதீர்கள், முழங்கையால் சோதியுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள், "லட்சுமி போய்விடுவாள்" என்று யார் சொன்னாலும் சரி. செருப்பைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். உள்ளே ஆணியோ கல்லோ இருக்கும். ஆணிக்காலைப் பிளேடால் செதுக்காதீர்கள்.

இந்தக் கொட்டகைக்குப் பின்னால் நர்சு வேலை பார்க்கும் தோழியர் ஒருவர் ஒரு நைலான் இழையோடு உட்கார்ந்திருக்கிறார். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை அது. கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் தொடுவார். தொட்டது தெரிகிறதா என்று நீங்கள் சொல்ல வேண்டும். காசு கிடையாது, ஐந்து நிமிஷம்கூட ஆகாது. சர்க்கரை உள்ளவர்கள் ஒருவரும் அதைச் செய்து கொள்ளாமல் போக வேண்டாம். தாய்மார்கள் முதலில் போகட்டும்.