பழைய ஜீப்பும் பெல்ற்றும்

(சங்கத்தின் வாகனப் பராமரிப்பு வகுப்பில் ஆற்றிய உரை)



சித்திரை பிறந்தால் ஊரில் மருத்துநீர் வைத்து முழுகிப் புத்தாடை உடுப்போம். ரொறன்ரோவில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளுது. வின்ரர் ரயரைக் கழற்றுகிற காலமும் இதுதான். அந்த நாளில் பொனற்றையும் ஒருக்கால் திறந்து பாருங்கோ என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

எங்கட ஆட்கள் பலர் முதலில் வாங்குவது பழைய வாகனம். ஸ்னோவுக்கு உதவும் என்று, நாலு சில்லும் இழுக்கிற பழைய ஜீப்பை வாங்கியவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். இரவு வேலைக்குப் போகிறவருக்கு அதுதான் சோறு. விடியப்புறம் 401 நெடுஞ்சாலையில் பெல்ற் அறுந்தால் அன்றைய சம்பளமும் போகும், இழுத்துப் போகிற ட்ரக்குக்கும் காசு கொடுக்கவேணும்.

என்ஜினுக்கு முன்னால் ஓடுகிற ரப்பர் பட்டியைத்தான் சொல்கிறேன். ஒல்ரனேற்றர், ஸ்ரியறிங் பம்ப், ஏசி எல்லாம் அதில்தான் சுற்றும். 1996 முதல் 2002 வரை வந்த டொயோட்டா ஃபோர்றன்னரின் 3.4 லீற்றர் என்ஜினில் மூன்று தனிப் பெல்ற் இருக்கும். 2001 வரை வந்த பழைய ஜீப் செரோக்கியின் 4.0 லீற்றர் என்ஜினில் ஒரே நீளப் பெல்ற். அதுவே தண்ணீர்ப் பம்ப்பையும் சுற்றும். அது அறுந்தால் பற்றரி லைற் எரியும், ஸ்ரியறிங் பாரமாகும், சூடு ஏறும். உடனே ஓரங்கட்டி என்ஜினை நிற்பாட்டுங்கோ. சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது.

இனிப் பார்க்கிற முறை. என்ஜின் ஆறியிருக்கவேணும், திறப்பு உங்கள் சட்டைப் பையில் இருக்கவேணும். டோர்ச் பிடித்துப் பெல்ற்றின் உட்பக்கத்தைப் பாருங்கோ. வெடிப்பு, நூல் பிரிதல், கண்ணாடி போன்ற மினுக்கம், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மாற்றவேணும். ஒன்று கவனியுங்கோ: இப்போது வருகிற பெல்ற்றுகளின் ரப்பர் வேறு. அது தேய்ந்தாலும் லேசில் வெடிக்காது. ஆகவே வெடிப்பு இல்லை என்று நிம்மதியாக இருக்கக்கூடாது. வரிப்பள்ளம் தேய்ந்து அகலமாகியிருக்கிறதா என்று புதுப் பெல்ற்றோடு ஒப்பிடுங்கோ.

அடுத்தது இறுக்கம். இரண்டு கப்பிகளுக்கு நடுவே, நீளமான பக்கத்தில் பெருவிரலால் அழுத்துங்கோ. பழைய ஒற்றை வரிப் பெல்ற் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் பதியும். பல வரிப் பெல்ற் அதிலும் குறைவாகத்தான் பதியும். சரியான அளவு உங்கள் வாகனப் புத்தகத்தில் இருக்கும். தளர்ந்தால் குளிர் காலையில் கிறீச்சிடும், பற்றரி சார்ஜ் ஏறாது. "இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நல்லதுதானே" எண்டு சிலர் நினைப்பினம். அதுவும் பிழை. கூட இறுக்கினால் ஒல்ரனேற்றரின் பெயாரிங் போய்விடும். பெல்ற்றின் விலை சின்னது, அதன் விலை பெரியது.

கையால் இறுக்குகிற வாகனமானால், ஒல்ரனேற்றரின் அச்சு போல்ற்றையும் பூட்டு போல்ற்றையும் சற்றுத் தளர்த்தி, சரிசெய்கிற போல்ற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பவேணும். அளவு வந்ததும் தளர்த்திய இரண்டையும் திரும்ப இறுக்குங்கோ. ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிற்பாட்டி, மறுபடி அழுத்திப் பாருங்கோ. புதுப் பெல்ற் ஓடத் தொடங்கியதும் கொஞ்சம் இளகும். செரோக்கியில் பெரும்பாலும் ஸ்ரியறிங் பம்ப்பை நகர்த்தித்தான் இறுக்குவது. ஸ்பிரிங் வைத்துத் தானாக இறுக்குகிற வாகனத்தில் சரிசெய்ய ஒன்றும் இல்லை. மூடிக்குள் இருக்கிற ரைமிங் பெல்ற் வேறு சங்கதி, அதை மெக்கானிக்கிடம் விடுங்கோ. ஓடுகிற என்ஜினுக்குக் கிட்டச் சால்வை, சீலைத் தலைப்பு, அவிழ்ந்த தலைமுடி வரக்கூடாது. விரல் போனால் திரும்பி வராது.

எல்லோரும் ஸ்பானர் பிடிக்கவேணும் என்று நான் சொல்லவில்லை. தாய்மாரும் பார்க்கத் தெரிந்திருக்கவேணும் என்கிறேன். பார்க்கத் தெரிந்தவர் கராஜில் சரியான கேள்வி கேட்பார். "பெல்ற் பழுது, பம்ப்பும் பழுது" எண்டு சொன்னால், "எனக்குக் காட்டுங்கோ" எண்டு கேளுங்கோ. ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் விரலால் தொட்டுக் காட்டியும் கேட்கலாம். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம். கடைசிக் கணக்கு அந்த மதிப்பீட்டைவிட 10 வீதத்துக்கு மேல் கூடக்கூடாது. வேலை தொடங்க முதல் சொல்லிவைத்தால், கழற்றிய பழைய சாமானையும் பொதுவாகத் திருப்பித் தரவேணும். அந்தப் பழைய பெல்ற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கோ. புத்தகத்தைவிட அது கூடப் படிப்பிக்கும்.

1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாதபோது, யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரையும் ஏ-40ஐயும் மண்ணெண்ணெயில் ஓட்டின சனம் நாங்கள். பொனற்றைத் திறக்க எங்களுக்கு என்ன பயம்?

புத்தாண்டில் எல்லோரும் போன இடத்திலிருந்து பத்திரமாக வீடு திரும்பவேணும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.