க்ஷயரோகமும் கூட்டுறவுச் சங்கமும்

ஒரு குடியானவர் தம் வயலில் புதிய எரு ஒன்றை இடுகிறார். அவ்வருஷம் மகசூல் நன்றாக இருந்தால், எல்லாம் எருவின் குணமே என்று அவர் மகிழ்வது இயல்பு. ஆனால் அவ்வருஷம் மழை காலத்தில் பெய்திருக்கலாம். வயலும் வண்டல் படிந்த நல்ல வயலாக இருந்திருக்கலாம். எருவினால் வந்தது எவ்வளவு, மழையாலும் மண்ணாலும் வந்தது எவ்வளவு என்று பிரித்தறிவது எங்ஙனம்? ஒரே நிலத்தைப் பல பாத்திகளாக வகுத்து, சிலவற்றிற்கு எரு இட்டு, சிலவற்றை இடாமல் விட்டு, இரண்டின் விளைவையும் அளந்து பார்த்தாலன்றி உண்மை விளங்காது. எந்தப் பாத்திக்கு எரு இடுவது என்பதையும் குடியானவர் தம் விருப்பப்படி தீர்மானித்தல் கூடாது. அவரை அறியாமலே நல்ல பாத்திகளுக்கு அவர் கை செல்லும். ஆகையால் சீட்டுக் குலுக்குவதுபோலப் பாத்திகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்னும் முறையை, இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1920-களில் பணியாற்றிய ரொனால்ட் பிஷர் என்னும் அறிஞர் நிலைநாட்டினார். ஆயிரம் வருஷங்களுக்கு முன் உத்தரமேரூரில் குடவோலை இட்டு வாரியத்தாரைத் தெரிந்தெடுத்த முறையை அறிந்த தமிழ் மக்களுக்கு இதன் நியாயம் புதிதன்று.

வயலுக்குப் பொருந்தும் இந்த நியாயம் வைத்தியத்துக்கும் பொருந்தும். ஒரு மருந்தை உண்டவர் குணமடைந்தார் என்பதனால் மட்டும் மருந்தே அவரைக் குணப்படுத்தியது என்று முடிவு செய்ய இயலாது. நோய் தானே தணிந்திருக்கலாம். அவர் மற்றவரைவிடத் திடகாத்திரராகவும் இருந்திருக்கலாம். நோயாளிகளைச் சீட்டுமுறையால் இரு சாராராகப் பிரித்து, ஒரு சாராருக்கு ஒரு சிகிச்சையும் மற்றொரு சாராருக்கு வேறு சிகிச்சையும் அளித்து ஒப்பிடுவதே இக்காலத்து வைத்திய ஆராய்ச்சியின் அடிப்படை. இம்முறையால் கிராம ஜனங்கள் அடைந்துள்ள நன்மையைக் காட்டுதற்குக் காசநோய் எனப்படும் க்ஷயரோகத்தின் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த உதாரணம் இல்லை.

பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தைப் பரீக்ஷித்து, அதன் முடிவை 1948-இல் வெளியிட்டது. நுரையீரலில் கடுமையான க்ஷயரோகம் கண்ட 107 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். எல்லோரும் படுக்கையில் ஓய்வு பெற்றனர். 55 பேர் ஓய்வுடன் மருந்தும் பெற்றனர். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தனர். மருந்தின் சக்தி ஐயமறத் தெரிந்தது. ஆனால் ஐந்து வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தபொழுது, மருந்து பெற்றவர்களில் 32 பேரும் மற்றவர்களில் 35 பேரும் மாண்டிருந்தனர். முதலில் கண்ட நன்மையின் பெரும்பகுதி கரைந்துபோயிற்று. தனி மருந்தொன்றை எதிர்த்து வாழக் கிருமிகள் பழகிக்கொண்டமையே இதற்குக் காரணம். இரண்டு அல்லது மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமிகள் அவ்வாறு தப்ப இயலாது என்பது அடுத்து வந்த பரீக்ஷைகளால் தெளிவாயிற்று. க்ஷயரோக நோயாளிக்குப் பல மாத்திரைகள் சேர்த்துக் கொடுக்கப்படுவதும், அவற்றை நடுவில் நிறுத்தலாகாது என்று வைத்தியர் வற்புறுத்துவதும் இந்தக் காரணம்பற்றியே.

மருந்து கிடைத்த பின்னும் ஒரு பெருங்கவலை எஞ்சி நின்றது. க்ஷயரோகிக்குச் சானடோரியமே கதி என்பது அக்காலத்துக் கொள்கை. நல்ல காற்று, பூரண ஓய்வு, பால், முட்டை, புஷ்டியான ஆகாரம் ஆகிய இவையின்றி நோய் தீராது என்று வைத்தியரும் நம்பினர். ஆனால் இந்தியாவில் நோயாளிகளோ பெருந்தொகையினர். சானடோரியப் படுக்கைகளோ சொற்பம். படுக்கை கிடைக்காத ஏழைக்கு வழி என்ன என்னும் கேள்விக்கு விடை காண, 1956-இல் சென்னையில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் அதில் ஒத்துழைத்தன. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் என வழங்குவது அதுவே.

சென்னையின் நெருக்கமான பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் சீட்டுமுறையால் இரு சாராராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு சாரார் சானடோரியத்தில் ஒரு வருஷம் தங்கினர். மற்றொரு சாரார் தத்தம் வீட்டிலேயே இருந்துகொண்டு அதே மருந்துகளை அதே ஒரு வருஷம் உண்டனர். வீட்டிலிருந்தவர்களின் ஆகாரம் மிகவும் குறைவு, ஓய்வும் குறைவு, குடியிருந்த இடமும் இடுக்கானது. இருந்தும் 1959-இல் வெளிவந்த முடிவு உலகத்து வைத்தியரை வியக்கச் செய்தது. சானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் நோயாளி இருந்தமையால் குடும்பத்தாருக்கு அதிகமாக நோய் பரவவும் இல்லை. ஏனெனில் தொற்று பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. அதன் பின்னர் வீட்டுச் சிகிச்சையே உலகெங்கும் பொது விதியாயிற்று. அந்தச் சென்னைவாசிகளின் பெயர்கள் எந்த ஏட்டிலும் அச்சிடப்படவில்லை. எனினும் அவர்கள் ஒவ்வொருவரும் இட்ட சிறு பங்கின் லாபத்தை எத்தனையோ தேசத்து ஏழைகள் இன்றும் அனுபவித்து வருகின்றனர்.

இம்முடிவிலிருந்து தவறான பாடம் ஒன்றையும் கற்றுக்கொள்ளலாகாது. வீட்டில் இருந்தவர்கள் சும்மா விடப்படவில்லை. ஊழியர்கள் அவர்கள் வீடு தேடிச் சென்றனர், மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைப் பரிசோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று பார்த்தனர். குணம் தந்தது வீடு அன்று, தவறாத மருந்தே.

பரீக்ஷை எப்பொழுதும் விரும்பிய விடையையே தரும் என்பதும் இல்லை. பி. சி. ஜி. ஊசியின் பலனை அறிய, செங்கற்பட்டு ஜில்லாவில் 1968-இல் தொடங்கிய பெரும் பரீக்ஷையில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் பங்கு கொண்டனர். அவர்களைப் பதினைந்து வருஷம் கவனித்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்பதே தெரிந்தது. குழந்தைகளுக்கு மூளை உறையைப் பற்றும் கொடிய க்ஷயத்தை அது தடுப்பதால், பிறந்த சிசுவுக்கு அவ்வூசி போடுவது அவசியமே. ஆனால் ஊசி போட்டாகிவிட்டது, இனி இருமலைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று இருப்பது பேதைமை.

ஊசி தடுக்காத நோயை வேறு எது தடுக்கும்? இக்கேள்விக்கு ஒரு விடை 2023-இல் வந்தது. அது சங்கத்து அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. ஜார்க்கண்ட் ராஜ்யத்தின் நான்கு ஜில்லாக்களில் 2019-இல் தொடங்கிய அந்தப் பரீக்ஷையில் 2,800 நோயாளிகளும், அவர்கள் வீடுகளில் உடன் வசித்த 10,345 பேரும் சேர்ந்தனர். நோயாளிகள் அனைவருக்கும் மருந்துடன் மாதந்தோறும் உணவுப் பொருளும் அளிக்கப்பட்டது. வீட்டாரை மட்டும் பகுதி பகுதியாகச் சீட்டுமுறையால் பிரித்தனர். ஒரு சாராருக்கு ஆளொன்றுக்கு மாதம் 5 கிலோ அரிசியும், ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும், வைட்டமின் மாத்திரைகளும் ஆறு மாதம் வழங்கப்பட்டன. மற்றச் சாராரின் வீட்டாருக்கு உணவு வழங்கப்படவில்லை. பின்னர்க் கணக்கெடுத்தபொழுது, உணவு பெற்ற வீட்டாரிடையே எல்லாவகை க்ஷயமும் நூற்றுக்கு 39 பங்கு குறைந்திருந்தது. பிறருக்குத் தொற்றவல்ல நுரையீரல் க்ஷயம் நூற்றுக்கு 48 பங்கு, அதாவது ஏறக்குறையப் பாதி, குறைந்திருந்தது.

சென்னைப் பரீக்ஷை ஆகாரம் குறைந்தாலும் நோய் தீரும் என்றது. ஜார்க்கண்டுப் பரீக்ஷை ஆகாரம் நோயைத் தடுக்கும் என்கிறது. இவை முரண்படுவனபோலத் தோன்றலாம், முரண்பாடு இல்லை. உடம்பில் பெருகிவிட்ட கிருமியைக் கொல்வது மருந்தின் வேலை. உடம்பில் புகுந்து உறங்கிக்கொண்டிருக்கும் கிருமியை எழவொட்டாமல் அடக்கி வைப்பது உடம்பின் வேலை. அந்த உடம்பைத் தாங்குவது சோறும் பருப்பும். நோயாளிக்கும் ஆகாரம் வீண் அன்று. ஜார்க்கண்டு நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் நூற்றுக்கு 5 பங்கு எடை கூடியவர்களிடையே மரண அபாயம் மிகக் குறைந்து காணப்பட்டது. இது சீட்டுமுறையால் பிரித்துக் கண்டதன்று; ஆதலால் இதனை முன்னதற்கு இணையான சான்றாகக் கொள்ளலாகாது. ஆயினும் நோயாளியின் எடையை மாதந்தோறும் நிறுத்துப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதை இது உணர்த்துகிறது.

தமிழ்நாட்டில் 2022-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் நடைபெற்றுவரும் காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இக்கருத்தை ஒட்டியதே. மிகவும் மெலிந்தவர், மூச்சு முட்டுபவர், பிடிமானம் இன்றி எழுந்து நிற்க இயலாதவர் ஆகிய நோயாளிகளை நோய் கண்டறிந்தவுடனே பிரித்தறிந்து, அவர்களை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது அதன் முறை. வீட்டுச் சிகிச்சை பொது விதி. இம்மூன்று குறிகளில் ஒன்று தோன்றினால் ஆஸ்பத்திரி.

மருந்தை எதிர்க்கும் க்ஷயத்துக்கும் இப்பொழுது நம்பிக்கை பிறந்திருக்கிறது. முன்னர் அதற்கு ஒன்றரை வருஷத்துக்கு மேலும் சிகிச்சை நீண்டது. ஊசிகளால் காது கேளாமற் போனவரும் உண்டு. பெடாகுவிலின், பிரெடோமானிட், லினசோலிட் என்னும் மூன்று மருந்துகளைத் தென்னாப்பிரிக்காவில் 109 பேருக்கு ஆறு மாதம் அளித்ததில், 98 பேர் நலம் பெற்றனர் என்று 2020-இல் அறிவிக்கப்பட்டது. இம்மூன்றுடன் மாக்சிபிளாக்சசின் என்பதையும் சேர்த்து வழங்கும் முறையை இந்திய சர்க்கார் 2024-இல் அனுமதித்தது. எனினும் இத்தகைய கடும் நோய் அரைகுறைச் சிகிச்சையாலும் பிறப்பது என்பதை மறத்தலாகாது. இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று பசி எடுத்தவுடன் மாத்திரையை நிறுத்துபவர், பாதி நீர் பாய்ச்சிப் பயிரை விட்டவர் போன்றவர். அவருக்கு மட்டுமன்றி அண்டை அயலாருக்கும் கேடு விளைகிறது.

இவற்றில் கூட்டுறவுச் சங்கத்தின் கடமை யாது? கடன் கொடுத்து வாங்கும் சங்கத்துக்கு நோயாளி வீட்டு அரிசியைப் பற்றிய கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். உழைத்துச் சம்பாதிக்கும் ஒருவர் இருமலில் விழுந்தால், முதலில் கூலி நிற்கிறது. பின்னர் ஆடு விலைபோகிறது. அதன் பின்னர் சங்கத்துத் தவணை தவறுகிறது. ஜாமீன் நின்றவரும் சேர்ந்து இடர்ப்படுகிறார். நோய் ஒரு வீட்டில் நுழைந்தால் கணக்குப் புத்தகத்திலும் நுழைகிறது. நோயாளியுடன் வசிப்பவர் நால்வர் என்று வைத்துக்கொண்டால், ஜார்க்கண்டில் அளித்த அளவுப்படி ஆறு மாதத்துக்கு வேண்டுவது 120 கிலோ அரிசியும் 36 கிலோ துவரம்பருப்பும். ஒரு சங்கம் சேர்ந்து தாங்கமுடியாத பாரம் அன்று இது.

நோயாளிகளுக்கு உணவுதவி செய்ய முன்வருவோரை நிக்ஷய் மித்ரர் என்னும் பெயரால் பதிவு செய்யும் ஏற்பாட்டை இந்திய சர்க்கார் 2022-இல் தொடங்கியது. அவ்வாறு பதிவு செய்துகொள்ளத் தக்கவர்களின் வரிசையில் கூட்டுறவுச் சங்கங்களும் குறிக்கப்பட்டுள்ளன. 2024-இல் இவ்வுதவி நோயாளியின் வீட்டாருக்கும் விரிக்கப்பட்டது. அவ்வருஷமே, நோயாளியின் ஆகாரத்துக்காகச் சர்க்கார் அளிக்கும் தொகை மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்தொகை உரியவரின் பாங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்ததா என்று விசாரித்து உதவுவதும் சங்கத்துக்கு உரிய பணியே.

உதவும்பொழுது ஒரு நெறி காக்கப்பட வேண்டும். நோயாளியின் சம்மதமின்றி அவர் பெயரைக் கூட்டத்தில் வாசிப்பதும், அரிசி வழங்குவதைப் படம் பிடித்துப் பரப்புவதும் தகா. ஊரார் ஒதுக்குவர் என்னும் அச்சத்தினாலேயே பலர் இருமலை மறைக்கின்றனர்; மறைத்த இருமலே வீட்டில் உள்ள குழந்தைகளைத் தாக்குகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகிய குறிகள் கண்டவர் தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைப் பரிசோதித்துக்கொள்ளல் வேண்டும். பரிசோதனைக்கும் மருந்துக்கும் அங்கே கட்டணம் இல்லை.

அடுத்த பொதுக்கூட்டத்து நிகழ்ச்சிக் குறிப்பில் இவ்விஷயத்தை ஓர் இனமாகச் சேர்க்கலாம். துணைவிதிகள் இடங்கொடுக்கும் அளவில் பொது நன்மைக்கென ஒரு தொகையை ஒதுக்கலாம்; அல்லது அறுவடைக் காலத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு படி நெல் அளக்கலாம். மருந்து கொடுக்கச் சர்க்கார் உண்டு. மருந்தைச் சோதித்துச் சொல்ல அறிஞர் உண்டு. நோயாளி ஆறு மாதமும் மாத்திரையை விடாமல் உண்ணவும், அவர் வீட்டு அடுப்பு அணையாதிருக்கவும் பார்த்துக்கொள்வதற்கு, அதே தெருவில் வசிக்கும் அங்கத்தினரைக் காட்டிலும் ஏற்றவர் பிறரில்லை.